எஃப்.எஃப்.ஏ., 4-எச் பிள்ளைகளுக்குக் கூட்ட நடைமுறை கற்றுக்கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விவசாய வகுப்பு இருந்தால், பெரும்பாலும் அங்கே எஃப்.எஃப்.ஏ. என்ற விவசாய மாணவர் அமைப்பின் கிளையும் இருக்கும். நீல நிறக் கார்டுராய் ஜாக்கெட் போட்ட பிள்ளைகள் கூடுவார்கள். மரச்சுத்தியலால் மேசையைத் தட்டுவார்கள். தீர்மானம் கொண்டுவருவார்கள், திருத்தம் சொல்வார்கள், வாக்கெடுத்துவிட்டுக் கலைவார்கள். கன்றுக்குட்டி வளர்ப்பும் மண் பரிசோதனையும் கற்க வந்த பிள்ளைகளுக்குச் சட்டசபை நடைமுறை எதற்கு என்று புதிதாகப் பார்க்கும் பெற்றோர் கேட்பது நியாயம்தான்.

அங்கே விவசாயம் செய்பவரின் வாழ்க்கையில் பாதி கூட்டங்களில் கழிகிறது. தானியக் கிடங்கை நடத்தும் கூட்டுறவு, மாவட்டச் சந்தைக் குழு, மண்-நீர்ப் பாதுகாப்பு வாரியம், பள்ளி வாரியம் எல்லாமே உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து வாக்களித்து நடத்துபவை. நடைமுறை தெரியாதவர் நல்ல யோசனையோடு போய்க் கடைசி வரிசையில் முணுமுணுத்துவிட்டுத் திரும்புவார். அதனால்தான் 1928-ல் கன்சாஸ் சிட்டியில் தொடங்கிய இந்த அமைப்பு, கூட்டம் நடத்துவதையும் ஒரு விவசாயத் திறன் போலவே நடத்துகிறது.

வாக்கு என்பது அங்கே வெறும் ஒத்திகையும் இல்லை. பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று 1969 தேசிய மாநாட்டில் முடிவெடுத்தவர்கள் மாணவப் பிரதிநிதிகள். 'அமெரிக்காவின் எதிர்கால விவசாயிகள்' என்ற பழைய பெயரை 1988-ல் 'தேசிய எஃப்.எஃப்.ஏ. அமைப்பு' என்று மாற்றியதும் அப்படித்தான்.

இந்த வழிகாட்டி எஃப்.எஃப்.ஏ. கிளைகளை வழிநடத்தும் ஆசிரியர்களான ஆலோசகர்களுக்கு, 4-எச் என்ற சிறுவர், இளைஞர் மன்றங்களில் தன்னார்வலராக இருப்பவர்களுக்கு, அப்புறம் பிள்ளையை இதில் சேர்த்துவிட்டு என்ன நடக்கிறது என்று புரியாமல் உட்கார்ந்திருக்கும் நம்மூர்ப் பெற்றோருக்கு. இதில் நான் விடாமல் சொல்லப்போவது ஒன்றுதான்: பிள்ளைகள் நிஜமாகவே முடிவெடுக்க வேண்டிய ஒரு காரியத்தைக் கையில் கொடுங்கள், நடைமுறை அதற்குப் பின்னால் வரட்டும். தீர்மான வகைகளின் அட்டவணையை முதல் நாளே சுவரில் ஒட்டி ஆரம்பித்தால், இரண்டாம் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

முதல் படி: நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

அமெரிக்காவில் பெரும்பாலான சங்கங்கள் பின்பற்றுவது ராபர்ட் விதிகள். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் வழக்கறிஞரோ அரசியல்வாதியோ இல்லை, ராணுவப் பொறியாளர். 1863-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எப்படி நடத்துவது என்று தெரியாததால் கூட்டம் களேபரமானது. அந்த அவமானத்தில் படிக்க ஆரம்பித்தவர், 1876-ல் தன் விதி நூலை வெளியிட்டார். இன்று 12-ஆம் பதிப்பு, 2020-ல் வந்தது, 700 பக்கத்துக்கு மேல். எஃப்.எஃப்.ஏ. போட்டிகளுக்கும் இதுதான் அடிப்படை. அமெரிக்காவில் இருப்பவர்கள் உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் சட்டதிட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். அதிலும் ராபர்ட் பெயர் இருக்க வாய்ப்புண்டு, ஆண்டுப் பொதுக்குழுவில் அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்றாலும்.

700 பக்கத்தையும் படிக்க வேண்டாம். நான்கு விஷயங்கள் பிடிபட்டால் போதும். ஒரு நேரத்தில் ஒரே விஷயம். பெரும்பான்மைதான் முடிவு செய்யும். முடிவுக்கு முன் சிறுபான்மைக்குப் பேச உரிமை உண்டு. கூட்டத்துக்கு வராதவருக்கும் உரிமை உண்டு. பாதிப் பேர்கூட இல்லாத நாளில் சங்கத்தின் பணத்தை யாரும் செலவழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் குறைவெண் வரம்பு, அதாவது கோரம், இருக்கிறது. சட்டதிட்டத்தில் எதுவும் சொல்லாவிட்டால், சாதாரண சங்கத்தில் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும்.

இந்த நான்கிலிருந்து ஒரு பெரிய சுருக்குவழி கிடைக்கிறது. எந்தத் தீர்மானத்துக்கு வெறும் பெரும்பான்மை, எதற்கு மூன்றில் இரண்டு பங்கு என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து குழம்புவார்கள். மனப்பாடமே வேண்டாம். யாருடைய வாயையாவது அடைக்கிற தீர்மானமா என்று கேளுங்கள். விவாதத்தை நிறுத்து, விவாத நேரத்தைக் குறை, விதியைத் தள்ளிவை என்பவையெல்லாம் உறுப்பினரின் உரிமையைப் பறிப்பவை, ஆகவே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். குழுவுக்கு அனுப்பு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளு, திருத்து என்பவை யார் உரிமையையும் பறிப்பதில்லை, பெரும்பான்மை போதும். விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் கூட்டத்தில் சந்திக்கப்போகும் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு கேள்வி விடை சொல்லிவிடும்.

இரண்டாம் படி: ஒரு தீர்மானம், ஆறு அடிகள்

முதல் வகுப்பில் இதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். காரியம் நிஜமாக இருக்கட்டும். வசந்த காலத்தில் கிளை தக்காளி நாற்றும் பெட்டூனியாவும் விற்றுக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை என்ன செய்வது என்று ஆலோசகரும் இன்னும் முடிவு செய்யவில்லை, பிள்ளைகளும் முடிவு செய்யவில்லை. அருமையான பாடப்பொருள்.

ஓர் உறுப்பினர் எழுந்து "மேடம் பிரசிடென்ட்" என்று அழைக்கிறார். தலைவர் பெயர் சொல்லி அனுமதித்ததும் சொல்கிறார்: "பசுமைக்குடிலுக்கு 300 டாலருக்குள் ஒரு புதிய விசிறி வாங்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்." பிள்ளைகள் கூட்டத்தில் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், எனவே அவர்கள் வாயில் வர வேண்டியது "ஐ மூவ் தட்" என்ற தொடக்கம். "எனக்கு என்ன தோணுதுன்னா", "நாம ஏன் ஒரு விசிறி வாங்கக் கூடாது?" என்றெல்லாம் தொடங்கினால் அது தீர்மானமாகாது. தலைவர் கனிவாக, "அதைத் தீர்மானமாகச் சொல்ல விரும்புகிறாயா?" என்று கேட்கலாம்.

அடுத்தது வழிமொழிதல். இன்னொருவர் உட்கார்ந்தபடியே "செகண்ட்" என்றால் போதும், அனுமதி கேட்டு எழுந்திருக்க வேண்டாம். வழிமொழிபவர் தீர்மானத்தை ஆதரித்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. "இதைப் பேசித் தீர்க்கலாம்" என்று மட்டுமே அதற்கு அர்த்தம். எதிர்த்து வாக்களிக்கப்போகிறவரும் வழிமொழியலாம்.

மூன்றாவது அடியைத்தான் எல்லாக் கிளைகளிலும் விட்டுவிடுகிறார்கள்: தலைவர் தீர்மானத்தை முழுதாகத் திருப்பிச் சொல்வது. "300 டாலருக்குள் பசுமைக்குடிலுக்கு விசிறி வாங்க வேண்டும் என்று தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டிருக்கிறது. விவாதம் உண்டா?" இந்த வரி வெளியே வரும் வரை தீர்மானம் முன்மொழிந்தவருடையது, அவர் அதை மாற்றிக்கொள்ளலாம், திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வரி வெளியே வந்த பிறகு அது கூட்டத்தின் சொத்து. "அது என் தீர்மானம், நீ மாத்தாதே" என்று பிள்ளைகள் சண்டை போடுவது இந்த வித்தியாசம் புரியாததால்தான்.

நான்காவது விவாதம். முன்மொழிந்தவர் விரும்பினால் முதலில் பேசலாம். ஒருவர் ஒரு தீர்மானத்தின் மேல் ஒரு நாளில் இரண்டு முறைதான் பேச முடியும். ராபர்ட் ஒவ்வொரு முறைக்கும் 10 நிமிடம் தருகிறார். பள்ளிக் கூட்டத்துக்கு 2 நிமிடம் என்று கிளை தானே விதி வைத்துக்கொள்வது நல்லது. ஆதரவாக ஒருவர், எதிராக ஒருவர் என்று மாறி மாறி வாய்ப்புக் கொடுக்கத் தலைவரைப் பழக்குங்கள். முன்மொழிந்தவர் தன் தீர்மானத்தை எதிர்த்துப் பேசக் கூடாது, ஆனால் எதிர்த்து வாக்களிக்கலாம். இதைச் சொன்னால் எப்போதும் ஒரு பிள்ளை சிரிக்கும். சிரிக்கட்டும், அடுத்த முறை மறக்காது.

ஐந்தாவது வாக்கு. தலைவர் தீர்மானத்தை மறுபடி சொல்லி, ஆதரிப்பவரை "ஐ" என்றும் எதிர்ப்பவரை "நோ" என்றும் குரல் கொடுக்கச் சொல்வார். எதிர்ப்பு வாக்கைக் கேட்காமல் விடவே கூடாது, எல்லாரும் ஒரே குரலில் ஆதரித்தது போலத் தெரிந்தாலும் சரி. கை தட்டிக் கடந்துபோகும் பழக்கத்தை இங்கேயே உடையுங்கள்.

ஆறாவது முடிவை அறிவிப்பது. "தீர்மானம் நிறைவேறியது" என்பதோடு நிறுத்தாமல், அதன் விளைவையும் சொல்ல வேண்டும்: "விசிறி வாங்குவோம். பொருளாளர் அடுத்த கூட்டத்துக்குள் விலை விசாரித்து வாங்குவார்." அப்புறம் சுத்தியல் ஒரு தட்டு.

இந்த ஆறையும் ஒரே கூட்டத்தில் மூன்று நான்கு தலைவர்களை மாற்றி மாற்றி உட்காரவைத்து நடத்துங்கள். வாய்க்குப் பழக்கம் வர வேண்டும் என்றால் முதல் சுற்றுக்கு மட்டும் அற்ப விஷயம் எடுக்கலாம், இன்று என்ன ஐஸ்கிரீம் என்பது போல. ஆனால் ஐஸ்கிரீமிலேயே தங்கிவிடாதீர்கள். எதுவும் பறிபோகாத விவாதத்தில் யாரும் நடைமுறையைத் தேடமாட்டார்கள்.

மூன்றாம் படி: திருத்தம்

ஒரு முழுக் கூட்டத்தை இதற்கு ஒதுக்குங்கள். தீர்மானம் எல்லாம் ஒரே ஆளின் யோசனையாக வந்து, எல்லாருடைய யோசனையாக மாறுவது திருத்தத்தில்தான்.

திருத்தம் செய்யும் வழிகள் கொஞ்சம்தான்: சொற்களைச் சேர்ப்பது, நீக்குவது, நீக்கி வேறு சொற்களை வைப்பது, அல்லது பத்தி முழுவதையும் மாற்றிப்போடுவது. பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம் பணம் கூட்டலாம்" என்பார்கள். அப்படியல்ல, எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லை வைப்பது என்று சொல்ல வேண்டும்: "300-ஐ நீக்கி 400 என்று வைத்துத் திருத்த முன்மொழிகிறேன்." இதற்கும் வழிமொழிதல் வேண்டும், விவாதம் உண்டு, வாக்கு உண்டு.

இப்போது இன்னொரு பிள்ளை, "400 ரொம்ப அதிகம், 350 போதும்" என்கிறது. அது திருத்தத்தின் மேல் திருத்தம். அனுமதி உண்டு. அதற்கு மேல் மூன்றாவது அடுக்கு கிடையாது. வாக்கெடுப்பு மேலிருந்து கீழே வரும். முதலில் 400-க்குப் பதில் 350 வைக்கலாமா? வைக்கலாம் என்று முடிவானால், அடுத்து 300-க்குப் பதில் 350 வைக்கலாமா? அதுவும் நிறைவேறினால், கடைசியாக 350 டாலருக்குள் விசிறி வாங்கலாமா?

நூற்றுக்கு நூறு பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். திருத்தம் நிறைவேறியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார்கள். எண்ணை மாற்றினோமே தவிர, விசிறி வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. வெள்ளைப் பலகையில் தீர்மானத்தை எழுதி, ஒவ்வொரு வாக்குக்குப் பிறகும் சொல்லை அடித்து மாற்றி எழுதிக் காட்டுங்கள். விளக்கம் சொல்வதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

திருத்தம் தீர்மானத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். "விசிறி வாங்க வேண்டும், அத்தோடு பிட்சா விருந்தும் வைக்க வேண்டும்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். தலைவர் ஏற்க மறுக்கலாம். ஆனால் தீர்மானத்துக்கு எதிரான நோக்கம் உள்ள திருத்தம் தவறில்லை. விசிறிக்கு 50 டாலர்தான் என்று குறைத்து, வாங்கவே முடியாதபடி செய்ய ஒருவர் முயலலாம். அது தந்திரம்தான், ஆனால் விதிக்கு உட்பட்டது. வெறுமனே 'கூடாது' என்று சேர்த்துத் தீர்மானத்தைத் தலைகீழாக்குவது மட்டும் திருத்தமாகாது. அதற்கு எதிர்த்து வாக்களித்தாலே போதுமே.

நான்காம் படி: தலைவரை உருவாக்குவது

நல்ல பேச்சாளரைத்தான் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அதுவே சிக்கல், ஏனென்றால் தலைவர் நாற்காலியில் இருப்பவர் விவாதத்தில் பேசக் கூடாது. எந்தப் பக்கமும் சாயாமல் வாய்ப்பைப் பங்கிடுவதுதான் அவர் வேலை. தாங்கவே முடியாமல் பேச வேண்டும் என்றால் துணைத்தலைவரிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அந்தத் தீர்மானம் முடியும் வரை சாதாரண உறுப்பினராக உட்கார வேண்டும்.

அவர் வாக்களிப்பதும் தன் வாக்கால் முடிவு மாறும் என்னும்போது மட்டும்தான், சீட்டு வாக்கெடுப்பு என்றால் எல்லாரையும் போலப் போடலாம். இங்கே ஒரு புதிர் போடுங்கள். 14 ஆதரவு, 14 எதிர்ப்பு. தலைவர் என்ன செய்யலாம்? ஆதரவாகப் போட்டு நிறைவேற்றலாம் என்பார்கள், சரி. 15 ஆதரவு, 14 எதிர்ப்பு என்றால்? ஒன்றும் செய்ய முடியாது என்பார்கள். முடியும். எதிராகப் போட்டுச் சமமாக்கலாம், சமமான வாக்கில் தீர்மானம் தோற்கும். இந்தக் கணக்கு புரிந்தால் 'சமம் வந்தால் மட்டும் தலைவர் வாக்கு' என்ற பொய்யான நம்பிக்கை போய்விடும்.

தலைவருக்கு ஓர் அட்டை செய்துகொடுங்கள். அதில் விதிகள் எழுத வேண்டாம், அவர் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் மட்டும் இருக்கட்டும். தீர்மானத்தை அறிவிக்க, வாக்கெடுக்க, முடிவு சொல்ல, வழிமொழிய ஆளில்லாதபோது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுந்தபோது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அட்டையைப் பார்த்துப் படிப்பதில் வெட்கமே இல்லை. இன்னொரு வரியும் அதில் இருக்கட்டும்: "ஆட்சேபம் இல்லையென்றால்." சின்னச் சின்ன விஷயங்களுக்கு இப்படிக் கேட்டு, யாரும் மறுக்காவிட்டால் வாக்கெடுப்பே இல்லாமல் முடித்துவிடலாம். பள்ளிப் பேருந்து கிளம்புவதற்குள் கூட்டம் முடிய வேண்டுமே.

இந்தப் படியில் மிகக் கடினமான வேலை பெரியவர்களுடையது: வாயை மூடிக்கொண்டிருப்பது. தலைவர் திணறும்போது ஆலோசகர் எழுந்து "சரி, இப்ப வாக்கெடுக்கலாம்" என்று சொன்ன நொடியில், யார் நிஜத் தலைவர் என்று முப்பது பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். அவர் காதில் சொல்லுங்கள், அல்லது துண்டுச் சீட்டு கொடுங்கள். பிள்ளைகள் மோசமாக முடிவெடுத்தால்? பாதுகாப்பும் பள்ளி விதியும் மீறாதவரை விட்டுவிடுங்கள். முடிவை மாற்றவும் நடைமுறை இருக்கிறது, அதையே கற்றுக்கொடுக்க ஒரு வாய்ப்பு.

ஐந்தாம் படி: மற்ற தீர்மானங்கள், தேவை வரும் வரிசையில்

புத்தக வரிசையில் போகாதீர்கள். கூட்டத்தில் பிரச்சினை எழும் வரிசையில் போங்கள்.

விவரம் தெரியாமல் எல்லாரும் கத்தும்போது: குழுவுக்கு அனுப்புதல். எத்தனை பேர், யார் நியமிப்பது, எப்போது அறிக்கை தருவது என்ற மூன்றும் அதிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விஷயம் குழுவுக்குள் போய்ச் செத்துவிடும்.

முக்கியமான ஆள் வரவில்லை என்றால்: குறிப்பிட்ட தேதிக்குத் தள்ளிவைத்தல். பிள்ளைகள் இதற்குப் பதிலாக "லே ஆன் தி டேபிள்" என்பதைப் போட்டு அடிப்பார்கள், பெரியவர்களும்தான். அது அவசரமான வேறு காரியம் குறுக்கே வந்தால் கையிலிருப்பதைக் கொஞ்ச நேரம் ஓரம் வைப்பதற்கு மட்டும். விவாதமே இல்லாமல் பெரும்பான்மையில் நிறைவேறுவதால், பிடிக்காத தீர்மானத்தைக் கொல்ல எளிய ஆயுதமாகிவிடுகிறது. அப்படிப் பயன்படுத்துவது தவறு என்று தலைவர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

பேச்சு சுற்றிச் சுற்றி வரும்போது: விவாதத்தை முடித்து உடனே வாக்குக்குப் போகக் கோருதல், 'பிரீவியஸ் கொஸ்டின்'. பின்வரிசையிலிருந்து "கொஸ்டின்!" என்று கத்தினால் விவாதம் நிற்காது. அனுமதி வாங்கி முன்மொழிய வேண்டும், வழிமொழிதல் வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். குரலில் இதைக் கணிக்க முடியாது, எழுந்து நிற்கச் சொல்லுங்கள். கணக்குக்கு ஓர் எளிய வழி: எதிர்ப்பை இரண்டால் பெருக்குங்கள், ஆதரவு அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் நிறைவேறியது. 20-க்கு 10 நிறைவேறும். 19-க்கு 10 தோற்கும். வாக்களிக்காதவர்களைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

தலைவர் தவறும்போது: 'பாயின்ட் ஆஃப் ஆர்டர்', ஒழுங்குப் பிரச்சினை. அனுமதி வேண்டாம், வழிமொழிதல் வேண்டாம், பேசிக்கொண்டிருப்பவரைக்கூடக் குறுக்கிடலாம். நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் தனியாகப் பயிற்சி தேவைப்படும் என்பது என் அனுபவம். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். திடீரென்று எழுந்து தலைவரையே நிறுத்தச் சொன்னால் நா எழாது. முதலில் வேண்டுமென்றே தப்பாக நடக்கும் ஒரு கூட்டத்தை ஏற்பாடு செய்யுங்கள். வழிமொழியாத தீர்மானம், எதிர்ப்பு வாக்கைக் கேட்காத தலைவர், மூன்றாம் முறை பேச எழும் உறுப்பினர். பிடிப்பவருக்குப் புள்ளி. தலைவரின் தீர்ப்பு ஏற்கவில்லையென்றால் மேல்முறையீடு உண்டு. அதற்கு வழிமொழிதல் வேண்டும், சமமான வாக்கு வந்தால் தலைவரின் தீர்ப்பே நிற்கும்.

குரல் வாக்கில் சந்தேகம் வந்தால்: "டிவிஷன்!" ஒரே ஒருவர் சொன்னால் போதும், எல்லாரும் எழுந்து நிற்கும் வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும். கூச்சமுள்ள பிள்ளையின் முதல் வாய்ப்பாக இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே சொல்லில் அறை முழுவதும் எழுந்து நிற்கும்.

முடிந்த விஷயத்தை மறுபடி எடுக்க 'ரீகன்சிடர்' இருக்கிறது. வென்ற பக்கத்தில் வாக்களித்தவர்தான் அதைக் கொண்டுவர முடியும், சாதாரணக் கூட்டத்தில் அன்றே கொண்டுவர வேண்டும். தோற்றவர்கள் ஓயாமல் அதையே கிளறாமல் இருக்க இந்தத் தடுப்பு.

எது முதலில் என்ற வரிசை இதற்கெல்லாம் பிறகுதான். ஒரு படிக்கட்டைக் கண்டுபிடியுங்கள். முதன்மைத் தீர்மானம் எழுதிய அட்டையோடு ஒருவர் கீழ்ப்படியில் நிற்கட்டும். அதற்கு மேலே திருத்தம், மேலே குழுவுக்கு அனுப்புதல், அதன் மேல் தேதி குறித்துத் தள்ளுதல், விவாத நேரத்தை வரையறுத்தல், விவாத முடிப்பு, ஓரம் வைத்தல், இடைவேளை, கூட்டத்தை முடித்தல். மேலே ஏறலாம், இருக்கும் படிக்குக் கீழே புதிதாக யாரும் நுழைய முடியாது. வாக்கு மேலிருந்து கீழே. குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் நிலுவையில் இருக்கும்போது ஒருவர் திருத்தத்தோடு வந்தால், படியில் நிற்பவர்களே "இடமில்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

ஆறாம் படி: குறிப்பேடும் கணக்கும்

செயலாளர் பிள்ளைகள் ஒவ்வொருவர் பேசியதையும் எழுதிக் கை வலித்துப் போவார்கள். கூட்டக் குறிப்பில் என்ன செய்யப்பட்டது என்பதுதான் வேண்டும், என்ன பேசப்பட்டது என்பதல்ல. தீர்மானத்தின் இறுதி வாசகம், முன்மொழிந்தவர் பெயர், முடிவு. வழிமொழிந்தவர் பெயர்கூட அவசியமில்லை. பயிற்சியின்போது இரண்டு பேரைத் தனித்தனியே எழுதவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரின் தீர்மான வாசகமும் வேறுவேறாக இருந்தால், தலைவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை என்று அர்த்தம். குற்றவாளி செயலாளர் இல்லை.

பொருளாளர் அறிக்கையை "ஏற்கிறோம்" என்று வாக்களிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தேவையில்லை. தணிக்கை செய்யாத கணக்கை ஏற்பதாக வாக்களித்தால், பார்க்காமலே கையெழுத்துப் போட்ட கதைதான். கேள்வி கேட்டுவிட்டுக் கோப்பில் வைத்தால் போதும்.

சடங்கும் சுத்தியலும்

எஃப்.எஃப்.ஏ. கூட்டம் ஒரு தொடக்கச் சடங்கோடு ஆரம்பிக்கும். தலைவர் உதயசூரியன் சின்னத்தின் அருகில், துணைத்தலைவர் கலப்பையின் அருகில், செயலாளர் மக்காச்சோளக் கதிரின் அருகில், செய்தியாளர் கொடியின் அருகில், காவலர் கதவருகில். பொருளாளர் ஜார்ஜ் வாஷிங்டன் சின்னத்தின் அருகில், அவர் தன் பண்ணைக் கணக்கைக் கவனமாக எழுதிவைத்ததற்காக. ஆலோசகருக்கு ஆந்தை. அங்கே அது அறிவின் சின்னம், நம்மூரில் முகம் சுளிப்போம்.

சுத்தியல் இரண்டு தட்டு என்றால் கூட்டம் தொடங்குகிறது. மூன்று தட்டுக்கு எல்லாரும் எழ வேண்டும். ஒரு தட்டு உட்கார, ஒரு விஷயம் முடிந்ததைச் சொல்ல, கூட்டம் முடிந்ததைச் சொல்ல. சத்தத்தை அடக்கி ஒழுங்கைக் கொண்டுவரத் தொடர்ச்சியாகச் சில தட்டுகள். சடங்கு வரிகளை அலுவலர்கள் மனப்பாடம் செய்வதற்கு ஆகும் நேரத்தில் மற்றவர்கள் முழு நடைமுறையையும் கற்றுவிடலாம் என்று எனக்குத் தோன்றும், ஆனாலும் பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. விட்டுவிடலாம்.

சின்னப் பிள்ளைகள் என்றால்

4-எச் மன்றங்களில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளும் அதே கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு ஆறு அடியும் திருத்தமும் போதும். பெரிய பிள்ளையின் பக்கத்தில் சின்னப் பிள்ளையை உட்காரவைத்து, எந்த முயல் கண்காட்சிக்கு உதவப் போவது, எந்த முதியோர் இல்லத்துக்குப் போவது போன்ற கேள்விகளில் முன்மொழியும் வேலையை அதற்கே கொடுங்கள்.

ஐந்தாறு பேர் உள்ள குழுக்கூட்டம் என்றால் இத்தனை கெடுபிடி தேவையே இல்லை. ஒரு டஜன் பேருக்கு மேல் இல்லாத வாரியங்களுக்கும் குழுக்களுக்கும் ராபர்ட்டே தளர்வு தருகிறார். வழிமொழிதல் வேண்டாம், எழுந்து நிற்க வேண்டாம், தலைவரும் பேசலாம், வாக்களிக்கலாம்.

போட்டிக்குப் போவதானால்

எஃப்.எஃப்.ஏ.யில் இதற்குப் போட்டிகளே இருக்கின்றன. 7 முதல் 9-ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குக் கிளைக் கூட்டம் நடத்தும் போட்டி, மூத்தவர்களுக்குப் பார்லிமென்டரி புரொசீஜர் போட்டி. எழுத்துத் தேர்வு, நடுவர்கள் முன் கூட்டம் நடத்திக் காட்டுவது, வாய்மொழிக் கேள்விகள் என்று பகுதிகள் இருக்கும். ஒவ்வொருவரும் தங்களுக்கு ஒதுக்கிய தீர்மானத்தைச் சரியான இடத்தில் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

பயிற்சிக்கு மறைசீட்டு முறை நன்றாக உதவும். ஒவ்வொருவருக்கும் ஒரு தீர்மானம் எழுதிய சீட்டு, அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. விவாதத்தின் போக்கில் அது இயல்பாகப் பொருந்தும் கணத்தை அவரே கண்டுபிடிக்க வேண்டும். மனப்பாடம் செய்த அணியை நடுவர்கள் சட்டென்று கண்டுகொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் விவாதத்தில் யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. முந்தியவர் சொன்ன ஒரு வாதத்தை எடுத்து மறுத்துவிட்டுத்தான் தன் வாதத்தைத் தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் விதி வைத்துவிடுங்கள். எந்தப் பக்கம் பேசுவது என்பதையும் சீட்டுப் போட்டே முடிவு செய்யுங்கள்.

போட்டி அணி கிளையின் கூட்டங்களை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது ஆலோசகரின் பொறுப்பு. சாமர்த்தியசாலிகள் நான்கு பேர் மாதாந்தரக் கூட்டத்தை ஒத்திகை மேடையாக்கி, தேவையில்லாத இடத்திலெல்லாம் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினால், புதிதாக வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வாயே திறக்காது. அணிக்குத் தனி நாள், தனி அறை கொடுங்கள். நேர வரம்பு, மதிப்பெண் பங்கீடு, அனுமதிக்கப்பட்ட தீர்மானங்களின் பட்டியல் ஆகியவை திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும், மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசமும் உண்டு. ஆகவே பழைய அணி விட்டுப்போன கோப்பை நம்பாமல், அந்த ஆண்டுக்கான தேசியக் கையேட்டையும் உங்கள் மாநில விதிகளையும் பருவம் தொடங்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.